ஏர் பிஸ்டல் பெல்லட் உங்கள் பேரலுக்குப் பொருந்துகிறதா? கண்டுபிடிக்க முழு வழி

கோவை கணபதியில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. மோட்டார் ஷாஃப்ட், புஷ், பம்ப் பாகங்கள்தான் வேலை. எது எதற்குள் எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும் என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. மகள் மூன்று வருடமாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். பெல்லட் என்ற சின்ன ஈயக் குண்டைக் காற்றழுத்தத்தால் பேரல் என்ற குழல் வழியாகத் தள்ளும் பிஸ்டல் அது. ஒருநாள் சாயங்காலம் பயிற்சி முடிந்து வந்தவள், "அப்பா, புது டப்பா பெல்லட் உள்ள போறப்பவே ஒருமாதிரியா இருக்குதுங்ப்பா. பழசு மாதிரி இல்லீங்" என்றாள். பழைய டப்பா மூடியில் குண்டின் தலை அளவு 4.49 மி.மீ. என்று ஸ்டிக்கர், புதியதில் 4.50. நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை அவள் விரல் கண்டுபிடித்திருந்தது. அன்று தொடங்கிய சோதனை இரண்டு மாதம் நீண்டது. அதில் எது பலன் தந்தது, எது நேரத்தைத் தின்றது என்பதைப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படும்படி எழுதுகிறேன்.

முதலில் பெல்லட்டை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். முன்னால் தட்டையான தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னால் விரிந்த பாவாடை. பாவாடைக்குள் குழி. மூன்றுக்கும் வேலை வேறு வேறு. தலை பேரலுக்குள் இருக்கும் சுருள் வரிகளின் மேல் ஊர்ந்து, குண்டை நேராகப் பிடித்துக்கொண்டு போகிறது. பின்னாலிருந்து வரும் காற்று குழிக்குள் அழுத்தும்போது பாவாடை விரிந்து பேரல் சுவரோடு ஒட்டிக் காற்றை அடைக்கிறது. தட்டைத் தலை, இலக்கு அட்டையில் வெட்டினது போல வட்டமான துளை போடுவதற்காக.

தலை சின்னதாக இருந்தால் குண்டு பேரலுக்குள்ளேயே சற்றுச் சாய்ந்து ஓடும், சாய்ந்தபடியே வெளியே வரும். தலை பெரிதாக இருந்தால் வரிகள் ஈயத்தை ஆழமாகக் கீறும், உரசல் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு மாதிரி இருக்கும். பாவாடை நசுங்கியிருந்தால் காற்று ஒரு பக்கமாகக் கசிந்து, வெளியேறும் நொடியில் குண்டைத் தள்ளிவிடும். பொருத்தம் என்று நாம் பார்ப்பது இந்த மூன்றையும்தான்.

எல்லா பேரலும் 4.5 மி.மீ. என்றுதான் சொல்லப்படும். உண்மையில் கம்பெனிக்குக் கம்பெனி, ஒரே கம்பெனியில் பேரலுக்குப் பேரல் கூட நூறில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறும். அதனால்தான் பெல்லட்டும் 4.48, 4.49, 4.50, 4.51 என்று பல தலை அளவில் வருகிறது. "எந்த அளவுங்க நல்லது?" என்று கிளப்பில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அவரவர் பேரலுக்கு அவரவர் சொல்வது சரிதான். உங்கள் பேரலுக்கான பதில் அதில் இல்லை.

எதிலும் கை வைக்கும் முன்

பிஸ்டலில் குண்டு இல்லை என்று கண்ணால் பாருங்கள், இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். பேரலைத் துடைக்கும்போதும் குச்சி விடும்போதும் காற்று சிலிண்டரைக் கழற்றி வைத்து, உள்ளே தங்கிய காற்றையும் பாதுகாப்பான பக்கம் பார்த்து வெளியேற்றிவிடுங்கள். சுடும் நேரம் முழுக்கக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளை தனியாக இதைச் செய்யக் கூடாது. சுடும் சோதனையைக் கிளப் ரேஞ்சில் பயிற்சியாளர் முன்னால் வைத்துக்கொள்வதே நல்லது.

பெல்லட் ஈயம். கையில் படும், தூசியாகப் பறக்கும். சோதனை நடக்கும் இடத்தில் டீ, பஜ்ஜி எதுவும் கிடையாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குண்டு விழும் பெட்டியைச் சுற்றித் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். பெருக்கினால் தூசி மூக்குக்குத்தான் வரும்.

பேரலைச் சுத்தம் செய்தல்

அழுக்குப் பேரலில் எந்தப் பொருத்தமும் சரியாகத் தெரியாது. நைலான் கேபிளில் ஃபெல்ட் (கம்பளித் துண்டு) கோத்து, குண்டு வைக்கும் பின்வாயிலிருந்து குண்டு வெளியேறும் முகப்பு நோக்கி இழுங்கள். முதல் ஃபெல்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் போதும், அடுத்த இரண்டும் உலர்ந்தவை. ஃபெல்ட்டில் சாம்பல் கறை நின்றதும் நிறுத்திக்கொள்ளலாம். சுத்தம் செய்த உடனே வரும் சில குண்டுகள் வழக்கமான இடத்தில் விழாது. பேரலில் மறுபடி மெல்லிய ஈயப்பூச்சு படிய வேண்டும். பத்திலிருந்து இருபது குண்டு வரை சுட்டுவிட்டு, அதற்குப் பிறகு விழுவதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

கண்ணாலும் கண்ணாடித் தட்டிலும்

ஒவ்வொரு அளவிலும் ஐம்பது குண்டாவது எடுத்து வெள்ளைத் துணியில் பரப்புங்கள். ஐந்து டப்பா வாங்க வேண்டியதில்லை. சில கம்பெனிகள் பல தலை அளவுகளைச் சாம்பிள் பெட்டியாகத் தருகின்றன. இல்லாவிட்டால் கிளப்பில் நாலு பேர் சேர்ந்து அவரவர் டப்பாவிலிருந்து ஐம்பது ஐம்பதாக மாற்றிக்கொள்ளலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

பாவாடை விளிம்பு வட்டமாக இருக்கிறதா, உள்ளே ஈயச் சுருள் ஒட்டியிருக்கிறதா, தலையில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருப்பதைக் கண்ணாடித் தட்டில் படுக்க வைத்து மெதுவாக உருட்டுங்கள். பாவாடை தலையை விடப் பெரிது என்பதால் பெல்லட் நேராக ஓடாது, வட்டமாக வளைந்துதான் ஓடும். நல்ல குண்டு ஒரே சீராக வளையும். கோணல் குண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் தடுக்கித் துள்ளும். ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

ஒருமுறை டப்பா பைக் டேங்க் கவரிலிருந்து நழுவித் தார் ரோட்டில் விழுந்தது. மூடி திறக்கவில்லை, வெளியே ஒரு கீறல் கூட இல்லை. அந்த டப்பாவை உருட்டிப் பார்த்தபோது நாற்பதுக்கு மேல் தடுக்கியது. அன்றிலிருந்து போட்டிக்கான டப்பாவில் மேலே ஒரு ஸ்பாஞ்ச் துண்டு வைத்து, குண்டு குலுங்காதபடி மூடுகிறோம்.

மைக்ரோமீட்டர் ஏன் வேண்டாம்

நான் முதலில் செய்த தப்பு இது. பட்டறையில் நல்ல மைக்ரோமீட்டர் இருக்கிறது, எடுத்து அளந்தேன். ஒரே குண்டு முதல் தடவை 4.49, அடுத்த தடவை 4.48, மூன்றாம் தடவை 4.47 என்று இறங்கிக்கொண்டே போனது. எங்கள் பட்டறையில் முப்பது வருடமாக நிற்கும் டர்னர் அண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஈயத்தைப் போயி மைக்ரோமீட்டர்ல கடிக்க வெச்சா, அது குண்டோட அளவு காட்டாதுங். நீங்க எவ்வளவு அமுக்குனீங்கன்னுதான் காட்டும்."

அவர் சொன்னது அப்படியே உண்மை. ராட்செட் (அழுத்தம் மீறாமல் வழுக்கும் திருகு முனை) மூன்று க்ளிக் அடிக்கும்போதே மைக்ரோமீட்டரின் பிடி 5 முதல் 10 நியூட்டன் வரை அழுத்துகிறது, அதாவது ஏறக்குறைய அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ. எஃகு ஷாஃப்ட்டுக்கு அது ஒன்றுமே இல்லை. மெல்லிய ஈய விளிம்புக்கு அது பெரிய சுமை. அதோடு சாதாரண மைக்ரோமீட்டரின் மிகச் சிறிய கோடே 0.01 மி.மீ. நாம் தேடுவதும் அதே 0.01 தான். அளவுகோலின் கடைசிக் கோட்டை நம்பி முடிவெடுப்பது பட்டறையிலும் செய்யக் கூடாத காரியம்.

சரி, அப்புறம் எப்படி அளப்பது? அமுக்காமல் அளக்க வேண்டும். எஃகுத் தகட்டில் 4.48, 4.49, 4.50, 4.51, 4.52 என்று ஐந்து துளை. குண்டைத் தலை கீழாக வைத்து விட்டால், தன் எடையிலேயே தலை எந்தத் துளையில் இறங்குகிறதோ, எதில் நிற்கிறதோ, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அதன் அளவு. பம்ப் பாகங்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் கோ, நோ-கோ கேஜ் (ஒன்றில் நுழைய வேண்டும், அடுத்ததில் நுழையக் கூடாது என்று பார்க்கும் அளவி) யோசனையேதான். விரலால் தள்ளக் கூடாது, தட்டக் கூடாது. தகட்டை லேசாகச் சாய்த்துத் தானாக வழுக்கி இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இந்தத் தகட்டைச் செய்யச் சொல்லி ஒருவரிடம் கொடுத்தால், 4.5 ரீமர் (துளையை அளவுக்குச் சீவும் கருவி) போட்டுத் தந்துவிடப் போகிறார், கவனம். எச்7 என்ற துல்லிய வகை ரீமர் போட்ட 4.5 துளைக்கு அனுமதிக்கப்பட்ட வித்தியாசமே 12 மைக்ரான், அதாவது 0.012 மி.மீ. நமக்கு வேண்டிய படி 10 மைக்ரான். ரீமரோடு நிறுத்தினால் 4.50 துளையும் 4.51 துளையும் ஒன்றாகவே இருக்கலாம். ரீமருக்குப் பிறகு லேப்பிங் (மெல்லிய பொடியால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருதல்) செய்து, ஒவ்வொரு துளையையும் பின் கேஜ் (அளவு தெரிந்த எஃகு ஊசி) வைத்துச் சரிபார்க்க வேண்டும். கோவையில் கேஜ் செய்து தரும் பட்டறைகள் இருக்கின்றன, 'பெல்லட் தலை அளக்க' என்று சொல்லாமல் 'கோ துளை, பின் கேஜில் சரிபார்த்துத் தர வேண்டும்' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். ரெடிமேடாக விற்பதை வாங்கினாலும் சரிதான்.

வெயில் காலத்தில் ஈயம் விரியுமே என்று மகள் கேட்டாள். விரியும், ஆனால் 15 டிகிரி கூடினால் 4.5 மி.மீ. ஈயம் 2 மைக்ரான்தான் விரியும். பேரலும் கூடவே கொஞ்சம் விரியும். சித்திரை வெயிலோ மார்கழிக் குளிரோ, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

அளந்து பார்த்ததில் எனக்குக் கிடைத்த முக்கியமான பாடம் வேறு. ஸ்டிக்கரில் இருக்கும் எண் சரியா தப்பா என்பதைவிட, ஒரு டப்பாவுக்குள் குண்டுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது பெரிது. ஐம்பதில் நாற்பத்தைந்துக்கு மேல் ஒரே துளையில் இறங்கினால் அது நல்ல டப்பா. மூன்று துளைகளில் சிதறினால், மூடியில் என்ன எழுதியிருந்தாலும் பயிற்சிக்கு மட்டும்தான்.

விரல் சொல்வதைக் கேட்டல்

பின்வாயில் குண்டை நேராகப் பெருவிரலால் அழுத்தி உட்கார வைக்கும் பிஸ்டல் என்றால் இது சுலபம். மகளின் கண்ணை ஷாலால் கட்டிவிட்டு, மூன்று டப்பாவிலிருந்து பத்துப் பத்துக் குண்டை நான் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். எந்த டப்பா என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் 'இறுக்கம்', 'சீர்', 'லூசு' என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்ல வேண்டும். முப்பதும் முடிந்து பிரித்துப் பார்த்தால், ஒரு டப்பா முழுக்க 'சீர்', இன்னொன்றில் ஏழு 'இறுக்கம்', மூன்று 'லூசு'. கேஜில் சிதறியதும் அதே டப்பாதான்.

நல்ல பொருத்தத்தில் தலை தடையில்லாமல் நுழையும், பாவாடை விளிம்பில் வரும்போது லேசான, எல்லாக் குண்டுக்கும் ஒரே மாதிரியான எதிர்ப்பு தெரியும், விளிம்பு பின்வாயோடு சமமாக நிற்கும். அழுத்தாமலே குண்டு முழுவதும் உள்ளே நழுவிப் போனால் அது சிறியது. விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நின்றால் லீவரை மூடும்போது அது நசுங்கும்.

இப்போதைய போட்டி பிஸ்டல்கள் பலவற்றில் தொட்டி போன்ற பள்ளத்தில் குண்டை வைத்தால் போதும், ஊசி உள்ளே தள்ளிவிடும். அதில் விரலுக்கு அவ்வளவாகத் தெரியாது. லீவர் மூடும்போது ஒரு குண்டுக்கு மட்டும் கனமாக இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

தள்ளிப் பார்த்தல்

பின்வாயிலிருந்து குச்சி நேராக நுழைய வழியிருக்கும் பிஸ்டலுக்கு மட்டும் இது. வழி இல்லாவிட்டால் இதை விட்டுவிடுங்கள், பேரலைக் கழற்றி வழி உண்டாக்க வேண்டாம். சிலிண்டர் கழற்றிய நிலையில் ஒரு குண்டை உட்கார வைத்து, பித்தளைக் குச்சியால் சீராகத் தள்ளி முகப்பில் துணி விரித்துப் பிடியுங்கள். இரும்புக் குச்சி பேரலுக்குள்ளேயே வரக் கூடாது.

வெளியே வந்த குண்டைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தலையைச் சுற்றி மெல்லிய வரித்தடம் சம இடைவெளியில் தெரிந்தால் நல்லது. பாவாடையில் மட்டும் தடம் இருந்து தலை பளபளவென்று அப்படியே இருந்தால் தலை சின்னது, பேரலைத் தொடவே இல்லை. தலையில் ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் ஒன்றுமே இல்லாமலும் இருந்தால் குண்டு சாய்ந்து போயிருக்கிறது. ஒரு அளவுக்கு ஐந்து குண்டு தள்ளிப் பார்த்தால் போதும்.

எடையும் வேகமும்

பிஸ்டலுக்கான பெல்லட் பொதுவாக 0.45 முதல் 0.50 கிராம் வரை இருக்கும், ரைஃபிளுக்கானது 0.53 கிராம் அளவில். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் மில்லிகிராம் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரிப்பவர்கள் உண்டு. நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நிறுத்தேன். அது தேவையில்லாத வேலை என்பது பிறகு கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது.

ஏர் பிஸ்டல் குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 150 மீட்டர் வேகத்தில் போகிறது. 10 மீட்டரைக் கடக்க விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு. அதற்குள் அது சுமார் 22 மி.மீ. கீழே இறங்குகிறது. அரை கிராம் குண்டில் 10 மில்லிகிராம் கூடக்குறைய இருந்தால் வேகம் நூற்றுக்கு ஒன்று மாறலாம், இறக்கம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் மாறும். வேகமே 3 மீட்டர் மாறினாலும் அட்டையில் ஒரு மில்லிமீட்டர் கூட வராது. நல்ல தர டப்பாவில் 10 மில்லிகிராம் வித்தியாசமே அபூர்வம். நிறுக்கும் நேரத்தை உருட்டிப் பார்ப்பதில் போடுங்கள், அதுதான் சிதறலைக் குறைக்கிறது.

அட்டை சொல்லும் தீர்ப்பு

இதுவரை பார்த்தது எல்லாம் எந்தெந்த டப்பாவை ரேஞ்சுக்கு எடுத்துப் போவது என்று சுருக்கிக்கொள்வதற்குத்தான். தீர்ப்பு அட்டையில்தான். கையில் பிடித்துச் சுட்டு முடிவு செய்யக் கூடாது. கையின் ஆட்டம் பெல்லட்டின் சிதறலைவிடப் பல மடங்கு பெரிது, அன்றைக்குக் கை நன்றாக இருந்த டப்பா ஜெயித்துவிடும்.

பிஸ்டலை அசையாமல் பிடிக்க வேண்டும். கிளப்பில் கிளாம்ப் இருந்தால் நல்லது. எங்களுக்குப் பட்டறையிலேயே 13 மீட்டர் நீளம் இருந்தது. மகளின் பயிற்சியாளர் வந்து பார்த்து, குண்டைப் பிடிக்க இரும்புப் பெட்டி வைத்து, ஷட்டர் இறக்கி, மெஷினுக்கு முன்னால் ஒருவரும் இல்லாமல் செய்த பிறகே தொடங்கினோம். மில்லிங் மெஷின் வைஸில் தோல் பட்டை வைத்து, மரப்பிடி கழற்றிய பிஸ்டலின் பாடியைப் பிடித்தோம். பேரலையோ காற்று சிலிண்டரையோ ஒருபோதும் வைஸில் இறுக்காதீர்கள். பேரலை இறுக்கினால் அளவு கெடும், சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருக்கிறது.

மில்லிங் மெஷினில் இன்னொரு வசதி. ஒரு குரூப் (ஒரே குறியில் தொடர்ந்து சுடும் குண்டுகள்) முடிந்ததும் டேபிள் கைப்பிடியைச் சுற்றி டயலில் 40 மி.மீ. நகர்த்தினால், அட்டையிலும் அடுத்த குரூப் சரியாக 40 மி.மீ. தள்ளி விழும். வைஸைத் தொடவே வேண்டாம். டர்னர் அண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

ஒரு டப்பாவுக்கு மூன்று குரூப், ஒவ்வொன்றிலும் பத்துக் குண்டு. ஐந்து குண்டில் அதிர்ஷ்டத்துக்கு இடம் அதிகம், மோசமான டப்பா கூட ஐந்தை ஒரே துளையில் போட்டுக் காட்டும். ஒரு டப்பாவின் மூன்று குரூப்பையும் தொடர்ந்து சுடாமல், முதல் டப்பா, இரண்டாவது, மூன்றாவது, மறுபடி முதல் டப்பா என்று சுற்றி வாருங்கள். டப்பா மாறும்போது முதல் மூன்று குண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நோட்டுக் காகிதம் கிழியும், போட்டி அட்டையே வேண்டும்.

குரூப்பின் இரு கோடி விளிம்புகளை வெர்னியரில் அளந்து, அதிலிருந்து 4.5 கழித்தால் மையத்துக்கு மையம் உள்ள சிதறல். எங்கள் சோதனையில் ஒரு டப்பா மூன்று முறையும் விளிம்புக்கு விளிம்பு 7 மி.மீ.க்குள் நின்றது. இன்னொன்று 6, 9, 8. ஒற்றைக் குரூப்பில் அழகாக இருந்தது இரண்டாவதுதான். நாங்கள் எடுத்தது முதல் டப்பாவை. மூன்று குரூப்பில் மோசமானது எது என்று பார்த்து, அதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இந்த வித்தியாசம் மதிப்பெண்ணில் எவ்வளவு வரும்? ஏர் பிஸ்டல் அட்டையில் 10 வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. குண்டின் விளிம்பு தொட்டாலே பத்து என்பதால், குண்டின் மையம் 8 மி.மீ. விலகியிருந்தாலும் பத்துதான். ஆக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சிதறல் 600க்கு 520, 530 அடிக்கும் பிள்ளைக்குக் கண்ணில் தெரியவே தெரியாது. அந்தப் பிள்ளைக்கு நல்ல டப்பா ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு டிரிகர் பயிற்சிக்கு அனுப்புங்கள். 560க்கு மேல் போகும்போதுதான் வளையத்தின் ஓரத்தில் விழும் குண்டுகள் பத்தா ஒன்பதா என்பதைப் பெல்லட் தீர்மானிக்கத் தொடங்கும்.

டப்பாவைப் பார்த்துக்கொள்ளுதல்

தேர்ந்தெடுத்ததும் டப்பாவின் அடியில் இருக்கும் லாட் எண்ணை, அதாவது தயாரிப்புத் தொகுப்பின் எண்ணைப் பாருங்கள். தலை அளவு ஒன்றாக இருந்தாலும் லாட் மாறினால் குணம் மாறலாம். அதே லாட்டில் ஒரு சீசனுக்கு வேண்டியதைச் சேர்த்து வாங்கிவிடுவது மேல். ஐப்பசி மழைக் காலத்தில் திறந்த டப்பாவை ஜன்னல் ஓரம் வைத்தால் ஈயத்தின் மேல் வெள்ளைப் பூ பூக்கும். அது ஈயத்தின் கார்பனேட், கையால் தேய்க்காதீர்கள், அந்த டப்பாவை ஒதுக்கிவிடுங்கள். எண்ணெய் பூசித் தடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம், எண்ணெய் ஒவ்வொரு குண்டிலும் ஒரே அளவில் நிற்காது. இறுக்க மூடி, அலமாரியில் உலர்ந்த இடத்தில் வைத்தால் போதும்.

எங்கள் வீட்டில் டப்பா மூடியின் உள்பக்கம் மகள் மார்க்கர் பேனாவால் தலை அளவு, லாட் எண், மூன்று குரூப்பின் அளவு, தேதி நான்கையும் எழுதி வைக்கிறாள். பேரலைக் கழற்றி மாட்டினாலோ, சர்வீஸுக்குப் போய் வந்தாலோ அதன் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு மூன்று குரூப்பையும் மறுபடி சுடுகிறோம்.